சிரிப்புக்கு விட்ட இடம்

சிரிப்பதற்காக ஒரு மனிதனை வீட்டுக்குக் கார் அனுப்பிக் கூட்டிப் போவார்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். சினிமாவில் விளக்குப் போடும் லைட்மேனின் தெருவில் நம்புவார்கள். பத்து வருடத்தில் அந்தக் கார் இரண்டு முறை வந்திருக்கிறது. முதல் முறை தெருவே கூடி, ஆளை எதற்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று விசாரித்தது. இரண்டாம் முறை கறிக்கடைக்காரர் கத்தியைக்கூடக் கீழே வைக்காமல், "என்ன லைட்டண்ணே, சிரிக்கக் கிளம்பியாச்சா?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

விஷயம் இப்படித் தொடங்கியது. 'குழாய்க்காரன்' முதல் பாகம் எடுத்தபோது இவர் செட்டின் உச்சியில் மரப்பரணில் உட்கார்ந்து விளக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். கதாநாயகன் குழாய் ரிப்பேர் செய்கிறவன். போகிற வீட்டையெல்லாம் வெள்ளக்காடாக்கிவிட்டு வருகிறவன். கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு வீட்டுக்காரம்மாவைப் பார்த்து, "சின்ன ஒழுக்குதாங்க" என்றான். பரணிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் மூக்கில் ஒரு சன்ன விசில். பிறகு மூச்சே நின்றுபோன மாதிரி ஒரு அமைதி. அப்புறம் சாக்கு அவிழ்ந்து உருளைக்கிழங்கு கொட்டுகிற மாதிரி சிரிப்பு. டேக் பாழ். டைரக்டர் வாய்க்கு வந்தபடி திட்டினார்.

படம் வெளியானபோது தியேட்டர் அதிர்ந்தது அதே இடத்தில்தான். பரணிலிருந்து சத்தம் வந்த மற்ற நாலு இடங்களிலும் அப்படியே. டைரக்டர் திட்டியதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு, அடுத்த பாகத்தின் எடிட்டிங்குக்கு இவரைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். இவர் சிரித்த இடம் படத்தில் இருக்கும். சிரிக்காத இடத்தை வெட்டி எறிந்துவிடுவார்கள். எடிட்டரம்மா ஒவ்வொரு சிரிப்பும் எத்தனை செகண்ட் என்று கடிகாரத்தில் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வார். இவர் அதை மார்க் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். எதற்கு அந்தக் கணக்கு என்று இவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

மூன்றாம் பாகத்தில் ஒரு காட்சி. கதாநாயகனாக நடித்தவரை ஊரே குழாய்க்காரர் என்றுதான் சொல்லும், வீட்டில் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். சோப்பு முழுங்குகிற அந்தக் காட்சி அவருக்கு உயிர். தன் கையால் டீ எடுத்துவந்து கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, "லைட்டு, எனக்காக ஒரு தடவை சிரிப்பா" என்றார். காட்சி ஓடியது. இவர் டீயைக் குடித்தார். "வரலீங்கய்யா, என்ன பண்ணட்டும்?" என்றார். குழாய்க்காரர் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, "வெட்டும்மா" என்று எடிட்டரம்மாவிடம் சொன்னார். "இந்தாளுக்குப் பொய்யாச் சிரிக்கத் தெரியாதுய்யா. இவன்தான் நமக்குச் சொத்து."

அந்தக் குழாய்க்காரர் போய்விட்டார். மூன்றாம் பாகம் ஓடி முடிந்த கையோடு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சவரம் செய்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. பாதி முகத்தில் நுரை. லைட்மேன் போய்ப் பார்த்தபோது அதை யாரும் துடைத்திருக்கவில்லை. இதையே இந்த மனிதர் படத்தில் செய்திருந்தால் நாம் எப்படிச் சிரித்திருப்போம் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்காக அவர் தன்னை மன்னிக்கவே இல்லை. அதற்குப் பிறகு அவர் சிரித்து யாரும் பார்க்கவில்லை.

"ஆள் போனா என்ன, உடுப்பு இருக்கே" என்றாராம் புரொடியூசர். பேர் உள்ள நடிகர்கள் யாரும் செத்தவர் உடுப்பில் நுழையத் தயாராக இல்லை. கடைசியில் கண்ணில் பட்டவன் லைட்மேனின் மகன். பத்து வருடமாகக் குழாய்க்காரருக்கு டூப். விளக்குச் சரிபார்க்க அவர் நிற்க வேண்டிய இடத்தில் நின்றவன், அவர் விழ வேண்டிய இடத்தில் விழுந்தவன். அவர் நடை, திரும்பல், முழி எல்லாம் அத்துப்படி. தோள் மட்டும் இரண்டு விரல் குறைவு. ஸ்டுடியோவின் துணி வெளுக்கும் பிரிவில் இருந்த அவன் அம்மாவே அந்த நீல உடுப்பின் தோளில் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

நாலாம் பாகத்தின் படப்பிடிப்பு முடிந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீரில் நனைகிற பாத்திரம் என்பதால் ஒரே மாதிரி மூன்று உடுப்பு. ஸ்டுடியோக் கொடியில் காயாது என்று மூன்றையும் வீட்டுக்குத் தூக்கி வந்து குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். இரண்டே அறை. அடுப்படிக்குப் போக வேண்டுமென்றால் மூன்று குழாய்க்காரர்களை விலக்கிவிட்டுத்தான் போக வேண்டும்.

டைரக்டர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது முதல் உடுப்பின் கால் அவர் முகத்தில் இடித்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார்.

"உக்காருங்க சார். டீ போடறேன்" என்றாள் லைட்மேனின் மனைவி.

"வேணாம்மா. தம்பி இல்லையே?"

"டப்பிங் போயிருக்கான்."

"நல்லதாப் போச்சு." உட்கார்ந்தார். "லைட்டண்ணே, உள்ளதைச் சொல்லிடறேன். புரொடியூசருக்குப் படம் பிடிக்கல. தம்பி வர்ற சீனையெல்லாம் வேற ஆள வெச்சுத் திரும்ப எடுத்துடலாம்கிறாரு. ஒருத்தன்கிட்டப் பேசிக்கூட வெச்சுட்டாரு."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"உங்களுக்கு எப்படி சார் இருக்கு?" என்றார் லைட்மேன்.

"எனக்கா? எரநூறு தடவை பாத்துட்டேன். இப்ப அது சிரிப்புப் படமா, சாவு வீடான்னே தெரியல. அவர் இருந்த வரைக்கும் எனக்குக் காமெடி தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன்ணே. போனப்புறம்தான் தெரியுது, தெரிஞ்சது அவருக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வியாழக்கிழமை கார் அனுப்பறேன். நீங்க சிரிச்சீங்கன்னா படம் இப்படியே வெளிய வரும். புரொடியூசரும் ஒத்துக்கிட்டாரு. சிரிக்கலன்னா…"

"அவன் என் புள்ளைங்க சார்."

"அதைத்தான் அவரும் கேட்டாரு. குழாய்க்காரருக்கே சிரிக்காத மனுஷன்யா, புள்ளைக்கா பொய்யாச் சிரிச்சுடப் போறாருன்னு சொன்னேன்."

டைரக்டர் போன பிறகு லைட்மேன் வெகுநேரம் உடுப்பு சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வைத்திருந்த குண்டான் நிறைந்துவிட்டது. மனைவி வந்து அதை எடுத்துக் கொட்டிவிட்டு வைத்தாள்.

"சிரிச்சுடுங்க" என்றாள்.

"வந்தா சிரிக்க மாட்டேனா?"

"வராட்டியும் சிரிங்க."

"அது எனக்குத் தெரியாதுடி. உனக்குத் தெரியாதா? உன் அண்ணன் கல்யாணத்துல உங்கப்பா சொன்ன ஜோக்குக்குச் சிரிக்கலன்னு ரெண்டு வருஷம் என்கூடப் பேசல அந்த மனுஷன்."

"எங்கப்பன் கிடக்கட்டும்." அவள் தரையில் அவர் எதிரே உட்கார்ந்தாள். கைவிரல்கள் சோப்பில் ஊறி வெளுத்திருந்தன. "நான் சொல்றதைக் கேளுங்க. பத்து வருஷமா அவர் நிக்கிற எடத்துல போய் நின்னு, நீங்க போடற வெளிச்சத்துக்கு மூஞ்சி காட்டினான். வெளிச்சம் சரியானதும் 'நகருப்பா'ம்பாங்க. நகர்ந்துடுவான். ஒரு நாளாவது மூஞ்சி சுளிச்சிருப்பானா? இந்தத் தடவைதான் நகரச் சொல்லல. இப்ப அதை உங்க வாயால சொல்லணுமா?"

"நான் எங்கடி சொல்றேன்?"

"சும்மா உக்காந்திருந்தீங்கன்னா அதுதான் அர்த்தம். இதுல இருந்து தூக்கிட்டா அவனை இனிமே வெளிச்சம் பாக்கக்கூட நிக்கவெக்க மாட்டாங்க. ஹீரோவா நடிச்சவனை எப்படிப்பா நிக்கவெக்கிறதும்பாங்க. அதுவும் போச்சு, இதுவும் போச்சு. முப்பத்திரண்டு வயசுல அவன் எங்க போய் என்ன கத்துப்பான், விழறதைத் தவிர?"

லைட்மேன் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க, இப்ப சிரிங்க பாப்போம்."

"ஹா… ஹா…"

"இருமல் மாதிரி இருக்கு. கஷாயம் வெக்கவா?"

"ஹஹ்ஹஹ்ஹா."

"இது பரவால்ல. அந்த முன்னால ஒரு விசில் வருமே?"

"அதை நான் போடறதில்லடி. அதுவா வரும்."

"சரி, விசில் இல்லாமலே சிரிங்க. நீளமாச் சிரிங்க. நீளத்துலதான மார்க்கு?"

வெளியே மழை ஓயாமல் பெய்ய, உள்ளே கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து சிரித்துப் பழகினார்கள். பார்த்திருந்தால் அதற்கே ஒரு டிக்கெட் போட்டிருக்கலாம். நாலாவது தடவை அவளுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றாள்.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. மகன் நனைந்து வந்திருந்தான். தலையிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்தாலும் வாசல் மிதியடியில் இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். மூன்று வயதில் அம்மா போட்ட உத்தரவு அது. வீட்டுக்குள் வந்தாலும் சரி, வெளியே போனாலும் சரி, மிதியடியைக் கண்டால் கால் தானாக நின்றுவிடும்.

சாப்பிடும்போது அவனே பேச்செடுத்தான். "டைரக்டர் வந்திருந்தாராமே. புரொடியூசர் விஷயம் எனக்கும் தெரியும்பா."

"ம்."

"நீங்க உள்ளபடியே இருங்கப்பா. எனக்காகன்னு ஒண்ணும் பண்ணாதீங்க. உங்களுக்குச் சிரிப்பு வரலன்னா படம் நல்லால்லன்னுதான் அர்த்தம். எனக்கு அது தெரிஞ்சுட்டாப் போதும்."

முட்டையைப் பாதியாகப் பிட்டான். பிட்டதைத் தட்டிலேயே வைத்துவிட்டு, குனிந்தபடியே கேட்டான்.

"வரும் இல்லப்பா?"

வியாழக்கிழமை கார் வந்தது. கறிக்கடைக்காரர், "புள்ளை படத்துக்குன்னா சம்பளம் கெடையாது போல" என்று கிண்டல் செய்தார். லைட்மேன் சிரிக்கவில்லை. மிச்சம் பிடித்து வைத்திருந்தார்.

எடிட்டிங் அறை சின்னது, குளிர்ச்சியானது. சுவரெல்லாம் துணி ஒட்டியிருப்பதால் சொல்கிற சொல் பக்கத்திலேயே விழுந்துவிடும். டைரக்டர் கதவோரம் நின்றார். புரொடியூசர் சோபாவில் சாய்ந்திருந்தார். எடிட்டரம்மா நோட்டைத் திறந்து, "ஆரம்பிக்கலாமாண்ணே?" என்றார். அந்த அம்மாவுக்கு இவர்மேல் தனி மரியாதை. மூன்று நாள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் வேலையை இரண்டு மணி நேரத்தில் முடித்துக் கொடுக்கிறவர் அல்லவா.

திரையில் மகன் வந்தான். நடை அச்சாகக் குழாய்க்காரர் நடை. கதவு தட்டும் விதம், தலையைச் சொறியும் விதம், எல்லாம் அவருடையது. குழாய் வெடித்தது, தண்ணீர் கூரைக்கு அடித்தது. மகன் குழாய்க்காரரின் முழியை முழித்து, "சின்ன ஒழுக்குதாங்க" என்றான்.

லைட்மேன் வாயைத் திறந்தார். சிரித்தார்.

அறையில் எல்லார் மூச்சும் இறங்கியதை அவரால் கேட்க முடிந்தது. எடிட்டரம்மா "ஆறு" என்று எழுதினார். அதன் பிறகு தயக்கம் போய்விட்டது. ஏழு. ஐந்து. எட்டு. விலா வலித்தது. முன்பொருமுறை பரணிலிருந்து விழுந்து அடிபட்ட முதுகு ஒவ்வொரு சிரிப்புக்கும் சுளுக்கிக்கொண்டது. அந்த வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது. புரொடியூசர் அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நடுவில் ஒரு இடம் வந்தது. வீடு முழுக்க முழங்கால் அளவுத் தண்ணீர். வீட்டுக்காரர்கள் ஓடிவிட்டார்கள். குழாய்க்காரன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நைசாகக் கிளம்புகிறான். வாசல்வரை போனவன் நிற்கிறான். சுற்றுமுற்றும் தேடுகிறான். தண்ணீரில் மிதந்து போகும் மிதியடியை எட்டிப் பிடித்து, வாசலில் அழுத்தி வைத்து, அதன்மேல் ஏறி நின்று இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தேய்த்துவிட்டு வெளியே போகிறான். எழுதி வைத்த காட்சி இல்லை. கட் சொல்ல மறந்த இடத்தில் அவன் பாட்டுக்குச் செய்தது.

லைட்மேனின் மூக்கில் விசில் வந்தது. மூச்சு நின்றது. சாக்கு அவிழ்ந்தது.

அந்தச் சின்ன அறையில் அந்தச் சத்தம் வேறு மாதிரி கேட்டது. இதுவரை சிரித்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவர் காதுக்கே அது தெரிந்தது. இன்னொரு நொடி விட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று பயந்தார். கையால் வாயைப் பொத்தி அப்படியே அமுக்கிவிட்டார்.

"இருமலாண்ணே?" என்றார் எடிட்டரம்மா.

"ஆமாம்மா."

"முக்கால் செகண்டுன்னு போட்டுக்கறேன்."

உடனே அடுத்த காட்சி. மேயர் வீட்டு மாடி இடிந்து, குளியல் தொட்டியோடு மகன் கீழே வந்து, மேயர் மடியில் உட்கார்ந்து அதே வசனம் சொல்கிற இடம். அமுக்கியதையும் சேர்த்து ஈடுகட்டுகிற மாதிரி லைட்மேன் சிரித்தார். நாற்காலிக் கையை அடித்து அடித்துச் சிரித்தார்.

"பதினொண்ணு!" எடிட்டரம்மா கடிகாரத்தை இரண்டு தரம் பார்த்தார். "குழாய்க்காரருக்கே ஒம்பதுதான் அதிகம்ணே."

டைரக்டர் வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து, "பதினொரு செகண்டுடா" என்று சொன்னபோது மகன் அம்மாவைக் கட்டிக்கொண்டான். மாதக்கணக்கில் சரியாகத் தூங்காதவன் மறுநாள் பகல்வரைக்கும் தூங்கினான். அந்த ஒரு தூக்கத்துக்காகவே பொய் சொல்லலாம் என்று லைட்மேனுக்குத் தோன்றியது. தப்பென்று யார் சொல்ல முடியும்?

படம் வெளியான அன்றும் மழை. காலைக் காட்சிக்கே கூட்டம். மூன்று பாகமும் பார்த்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தார்கள். லைட்மேனுக்கு ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்ட மகன். நனைந்த குடைகளின் வாடை. குழாய்க்காரரின் படத்தை முதலில் காட்டி அஞ்சலி போட்டபோது தியேட்டரே எழுந்து நின்று கைதட்டியது.

முதல் வீடு. குழாய் வெடித்தது. "சின்ன ஒழுக்குதாங்க."

யாரும் சிரிக்கவில்லை.

அது பரவாயில்லை. முதல் காட்சிதானே, ஜனம் இன்னும் சரியாக உட்காரவில்லை என்று லைட்மேன் நினைத்தார். ஆனால் திரையில் அடுத்த வசனம் வரவில்லை. மகன் முழித்தபடி நின்றான். எதிரே நின்ற அம்மாள் அவனைப் பார்த்தபடி நின்றாள். தண்ணீர் மட்டும் சொட்டியது. இயந்திரம் கெட்டுவிட்டதோ என்று யாரோ பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் அந்த அம்மாள் பேசினாள். படம் நகர்ந்தது.

இரண்டாவது இடம். அதே நிற்றல். இந்த முறை இன்னும் ஒரு செகண்ட் கூட.

அப்போதுதான் லைட்மேனுக்குப் பிடிபட்டது. ஆறு. ஏழு. மார்க் இல்லை அது. சிரிப்புச் சத்தத்தில் அடுத்த வசனம் அமுங்கிவிடக்கூடாது என்று, அவர் சிரித்த நேரத்தை அளந்து படத்தில் அப்படியே இடம் விட்டிருக்கிறார்கள். முந்தைய பாகங்களிலும் அந்த இடம் இருந்திருக்கும். ஜனங்களின் சிரிப்பு அதை நிறைத்திருந்ததால் அவர் பார்த்ததே இல்லை. இப்போது ஒவ்வொன்றும் வாயைப் பிளந்துகொண்டு வந்தது. ஒவ்வொன்றிலும் அவர் மகன் இருபதடி உயரத்துக்கு நின்று முழித்தான். அவர் கையால் வெட்டிய குழிகள் அவை.

முன்வரிசையில் ஒருவர் போனை எடுத்து நோண்டத் தொடங்கினார். ஒரு குழந்தை, "அந்த மாமா ஏன் பேச மாட்டேங்கறாரு?" என்று கேட்டது.

மிதியடி வந்தது. மகன் தண்ணீரில் அதைத் துரத்திப் பிடித்தான். ஏறி நின்று கால் துடைத்தான். தியேட்டர் குபீரென்று சிரித்தது. அத்தனை பேரும் சிரித்தார்கள். லைட்மேனின் மனைவி, "பாருங்க! பாருங்க!" என்று அவர் தொடையில் அடித்தாள். ஆனால் படம் நிற்கவில்லை. முக்கால் செகண்டில் அடுத்த காட்சி வந்து விழுந்தது. மேயர் என்னவோ பேசினார். சிரிப்பில் ஒன்றும் கேட்கவில்லை. "உஷ்… உஷ்…" என்றார்கள். கிளம்பிய சிரிப்பு அப்படியே ஒடுங்கி அணைந்தது.

குளியல் தொட்டி இறங்கியது. மகன் மேயர் மடியில் உட்கார்ந்தான். வசனம் சொன்னான். நின்றான்.

பதினொரு செகண்ட். எவ்வளவு நீளம் என்று அந்த அரங்கத்தில் தெரிந்திருந்தது ஒரே ஒருவருக்குத்தான்.

ஒன்று. இரண்டு. மூன்றில் லைட்மேன் சிரித்தார். அந்த இருட்டில், அத்தனை பேர் நடுவில், தனியாக, தொண்டை கிழியச் சிரித்தார். தலைகள் திரும்பின. ஒரு நொடி கழித்து அவர் மனைவியும் சேர்ந்துகொண்டாள், வீட்டில் பழகிய அதே சிரிப்பு. இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் குழியைத் தூர்க்கப் பார்த்தார்கள். "யோவ், என்னய்யா ஆச்சு உனக்கு?" என்று ஒரு குரல் வந்தது. பத்து. பதினொன்று.

மேயர் பேசத் தொடங்கினார். லைட்மேன் நிறுத்தினார். மூச்சு இரைத்தது.

மகன் தொப்பியைக் கழற்றிவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து அப்பாவின் நிஜச் சிரிப்பைக் கேட்டு வளர்ந்தவன் அவன்.

"இப்படித்தான் அங்கயும் சிரிச்சீங்களாப்பா?"

பொய் சொல்ல இனி எதுவும் மிச்சமில்லை. "ஆமாடா" என்றார்.

"எல்லாத்துக்குமா?"

"அந்த மிதியடிக்கு மட்டும் நெசமாச் சிரிச்சேன். சத்தியமாச் சிரிச்சேன் தம்பி. நானேதான் வாயப் பொத்திக்கிட்டேன்."

மகன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்தபடியே திரையைப் பார்த்தான். அங்கே அவன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். இடைவேளைக்கே இன்னும் அரைமணி நேரம் இருந்தது.